பத்து டன் இயந்திரம், நான்கு பெல்ட்

கேள்வி: அம்பத்தூரில் அப்பா தொடங்கிய பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் இயந்திரங்கள் செய்கிறோம். முதல் ஏற்றுமதியாக 10 டன் எடையுள்ள ஓர் இயந்திரத்தை 40 அடி ஹைகியூப் கன்டெய்னரில் வைத்து ஜெர்மனிக்கு அனுப்பினோம். ஹாம்பர்க்கில் கதவைத் திறந்தபோது இயந்திரம் இடப்பக்கச் சுவரில் சாய்ந்து கிடந்திருக்கிறது. சுவர் வெளியே பிதுங்கிவிட்டது, கன்ட்ரோல் பேனல் நசுங்கிவிட்டது. நான்கு ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கி, அடியில் மரத்துண்டுகளை ஆணியடித்துத்தான் அனுப்பினோம். ஒரு பெல்ட்கூட அறவில்லை. பேக்கிங் போதவில்லை என்று சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. எங்கள் மேஸ்திரியோ, "கடல் ஆட்டத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்கிறார். அடுத்த இயந்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இந்த முறை எட்டு பெல்ட் போட்டால் போதுமா? படங்களும் அளவுகளும் இணைத்திருக்கிறேன். நஷ்டத்துக்குக் கப்பல் நிறுவனத்தின் மேல் போகலாமா?
– ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: போதாது. கணக்குப் போட்டால் பதினைந்து பெல்ட் வரும். அந்தப் பதினைந்தும் ஹாம்பர்க் வரை முதல் நாள் இருந்த விறைப்போடு இருந்தால்தான் பயன். இருக்கவே இருக்காது. ஆகவே பெல்ட் எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, இயந்திரம் நகர இடமே இல்லாமல் செய்வது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில் உங்கள் மூன்றாவது படம். ஸ்கிட்டையும் (இயந்திரத்தைத் தாங்கும் அடிச்சட்டம்) தரையையும் சேர்த்து அடித்த மரத்துண்டு ஒன்று அதில் தெரிகிறது. அது முறியவில்லை, பிளக்கவுமில்லை. நான்கு ஆணிகளும் வளையாமல் நேராக நிற்க, துண்டு அப்படியே தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. இயந்திரம் பக்கவாட்டில் சறுக்கியிருந்தால் ஆணிகள் வளைந்திருக்கும், பிளைவுட் தரையில் கோடு விழுந்திருக்கும். இரண்டும் இல்லை. ஆணி நேராக மேலே வந்திருப்பதால், அந்தப் பக்கத்துக் கால்கள் தரையை விட்டுத் தூக்கியிருக்கின்றன என்று தெரிகிறது. உங்கள் இயந்திரம் சறுக்கவில்லை, கவிழ்ந்தது. சுவர் மட்டும் இல்லாவிட்டால் முழுதாகப் படுத்திருக்கும்.

பெல்ட்கள் அறாமல் தொய்ந்து கிடந்ததும் இதையே உறுதிப்படுத்துகிறது. அவை தோற்றதற்குக் காரணம் வலுக்குறைவு அல்ல, தளர்ச்சி. ஸ்கிட்டின் மரம் 10 டன் எடையில் சில மில்லிமீட்டர் அமுங்குகிறது. ஈர மரமாக இருந்தால் வழியில் காய்ந்து சுருங்கவும் செய்கிறது. பாலியஸ்டர் பெல்ட்டும் இழுபடும் குணம் உள்ளது. அனுமதிக்கப்பட்ட முழு விசையில் அதன் நீளத்தில் 7 சதவீதம் வரை நீளலாம். மேல்தளத்தில் திறந்து வைத்த சரக்கென்றால் மாலுமிகள் சுற்றிவந்து டர்ன்பக்கிளைத் திருகி இறுக்குவார்கள். சீல் வைத்து மூடிய பெட்டிக்குள் யார் போய் இறுக்குவது?

உங்கள் மேஸ்திரி சொன்னதில் பாதி உண்மை. ஆட்டத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் அது எவ்வளவு இருக்கும் என்பதை அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் மூன்றும் சேர்ந்து 2014இல் கொண்டுவந்த சி.டி.யூ. கோடு என்ற, கன்டெய்னரில் சரக்கை அடுக்கிக் கட்டுவதற்கான நெறிமுறை, கடல்களை அலை உயரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறது. 8 மீட்டர் வரை ஏ, 12 மீட்டர் வரை பி, அதற்கு மேல் சி. ஏ பிரிவில் சரக்கின் எடையில் 0.5 மடங்கு விசை பக்கவாட்டில் தள்ளும் என்று வைத்துக் கட்ட வேண்டும். பி பிரிவில் 0.7, சி பிரிவில் 0.8.

சென்னையிலிருந்து ஹாம்பர்க் சி பிரிவுதான். செங்கடல் பக்கம் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய 2023 இறுதியிலிருந்து பல நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே கப்பல் விட்டன; உங்கள் பெட்டியும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் அகுலாஸ் நீரோட்டம் தென்மேற்காக ஓடுகிறது, தென்கடலின் அலைகள் அதற்கு எதிரே வருகின்றன. இரண்டும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும்பும். பிறகு, சீற்றத்துக்குப் பெயர்போன பிஸ்கே வளைகுடா வேறு இருக்கிறது.

ஒரு பெருங்கப்பல் 15 வினாடிக்கு ஒருமுறை இடமும் வலமுமாக ஆடி வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 5,760 ஆட்டம், மூன்று வாரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லா ஆட்டமும் பெரிதல்ல. ஆனால் சிறு ஆட்டங்கள்தான் கட்டைத் தளர்த்துகின்றன. தளர்ந்த பிறகு வருகிற ஒரு பெரிய ஆட்டம் மிச்சத்தை முடித்துவிடுகிறது.

இனி உங்கள் அளவுகள். தரையிலிருந்து எடை மையத்தின் உயரம் 1.25 மீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். கால்களின் அகலம் 1.3 மீட்டர், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 0.65. கவிழுமா என்று பார்க்க, விசையின் மடங்கை உயரத்தால் பெருக்கி, இந்தப் பாதி அகலத்தோடு ஒப்பிட்டால் போதும். லாரியில் போகும்போது பக்கவாட்டு விசைக்கு 0.5 எடுத்துக்கொள்கிறோம்: 0.5 × 1.25 = 0.625. இது 0.65-ஐ விடக் குறைவு, மயிரிழையில் நிற்கிறது. அதனால்தான் அம்பத்தூரிலிருந்து துறைமுகம் வரை ஒன்றும் ஆகவில்லை, உங்களுக்கும் சந்தேகம் வரவில்லை. கடலில் 0.8 × 1.25 = 1.0. கவிழ்ந்தே தீரும். இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம். பட்டறையை விட்டு இயந்திரம் கிளம்புமுன் யாரோ ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டிருக்க வேண்டியது.

பெல்ட் கணக்கையும் முடித்துவிடுவோம். படத்தில் பெல்ட்டின் நீல லேபிள் தெளிவாகத் தெரிகிறது. நீலம் என்றால் பாலியஸ்டர். பச்சை நைலான், பழுப்பு பாலிபுரொப்பிலீன். அதில் எல்.சி. (நேராக இழுத்தால் தாங்கும் அளவு) 2,500 என்று இருப்பதைப் பார்த்து ஒரு பெல்ட் இரண்டரை டன் தாங்கும், நான்கு போட்டால் 10 டன், சரியாகிவிட்டது என்று உங்கள் ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே சுற்றிப் போடும் கட்டுக்கு அந்த எண் பொருந்தாது. அதன் கீழே எஸ்.டி.எஃப். 350 என்று சிறிதாக இருக்கிறதே, அதுதான் பொருந்தும். கையால் ராட்செட்டை இழுத்து இறுக்கினால் கிடைக்கும் விறைப்பு அது, ஏறத்தாழ 350 கிலோ. இரு பக்கமும் சேர்த்து 700 கிலோ எடையில் பெல்ட் இயந்திரத்தைக் கீழே அழுத்துகிறது. மரத்தின் மேல் மரம் உராயும்போது உராய்வுக் குணகம் 0.4, அதாவது அழுத்தும் எடையில் 0.4 பங்கு சறுக்கலைத் தடுக்கும். ஆக ஒரு பெல்ட் பக்கவாட்டில் தடுப்பது 280 கிலோ. உங்கள் 10 டன்னுக்கு 8 டன் தள்ளுவிசையில், சொந்த எடையின் உராய்வே 4 டன்னைப் பார்த்துக்கொள்ளும். மீதி 4 டன்னை 280-ஆல் வகுத்துப் பாருங்கள், பதினைந்து வரும். அதுவும் சறுக்குவதைத் தடுக்க மட்டும்தான்.

சரி, மேலே சுற்றாமல் நேராக இழுத்துக் கட்டினால்? கன்டெய்னர் தரையோரத்தில் இருக்கும் வளையம் பழைய பெட்டிகளில் 1 டன்னுக்குத்தான் உத்தரவாதம், புதியவற்றில் 2 டன். மேல் விளிம்பு வளையங்கள் அரை டன். பெல்ட் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் வளையம் தாங்குகிற அளவுதான் கட்டு.

இதோடு 10 × 10 சென்டிமீட்டர் மரக்கட்டை ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். ரேகைக்குக் குறுக்காக அழுத்தினாலே 100 சதுர சென்டிமீட்டருக்கு 3 டன் தாங்கும் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அது தளராது, யாரும் இறுக்க வேண்டியதில்லை. மூடிய பெட்டிக்குள் கனமான இயந்திரம் போகும்போது முட்டுதான் முதல் வேலை, கட்டு அதற்குத் துணை. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம், பெல்ட்டுகள் படத்தில் எடுப்பாகத் தெரிவதாலோ என்னவோ.

அடுத்த இயந்திரத்துக்கு என்ன செய்வது?

ஸ்கிட்டிலிருந்து தொடங்குங்கள். இப்போது இருப்பது இயந்திரத்தின் அகலத்துக்கே இருக்கிறது. அதை 2.2 மீட்டர் அகலமாக்குங்கள். ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர் காலை அகற்றி வைத்துக்கொள்வது போலத்தான். பாதி அகலம் 1.1 ஆகிறது, 1.0-ஐத் தாண்டிவிட்டோம். நீளம் 3.5 மீட்டர் இருக்க வேண்டும். காரணம், 40 அடி பெட்டியின் தரையில், நீளத்தில் ஒரு மீட்டருக்கு 3 டன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது. உங்கள் இயந்திரத்தின் 10 டன்னும் நான்கு கால்களில், உள்ளங்கை அகல இடங்களில் நிற்கிறது. தரையின் பிளைவுட் 28 மில்லிமீட்டர்தான்; அதன் அடியில் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. ஸ்கிட்டின் அடிக்கட்டைகள் பெட்டியின் நீளவாக்கில் இருந்தால் பல குறுக்குச் சட்டங்கள் எடையைப் பகிர்ந்துகொள்ளும். அவற்றை அகலமாகத் தள்ளி வைப்பதால் மேலே போடும் குறுக்குக் கட்டைகள் வளையாத கனத்தில் இருக்க வேண்டும். உங்கள் பட்டறையில் ஐ-பீம் துண்டுகள் இருக்குமே, குறுக்கே அவற்றையே போடுங்கள். ஆனால் அடியில் தரையைத் தொடுவது மரமாகவே இருக்கட்டும். இரும்பு மரத்தின் மேல் உராய்ந்தால் குணகம் 0.3, இரும்பின் மேல் இரும்பு என்றால் காய்ந்த நிலையில் 0.1, ஈரமானால் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இயந்திரத்தின் கால்களில் அஸ்திவார போல்ட்டுக்கான துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றின் வழியாக முழு போல்ட் போட்டு, அடியில் தகட்டு வாஷர் கொடுத்து ஸ்கிட்டோடு பிணையுங்கள். மரத்திருகாணி வேண்டாம். இயந்திரமும் ஸ்கிட்டும் ஒரே பொருளாக ஆனால்தான் மேலே போட்ட அகலக் கணக்கு செல்லும்.

எடை மையத்தைக் கீழே கொண்டுவரவும் வழி இருக்கிறது. பிரஸ் பிரேக்கில் எண்ணெய்த் தொட்டி பெரும்பாலும் உச்சியில்தான் இருக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். ரேமை (மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தும் பாகம்) கீழே இறக்கி, கட்டையின் மேல் உட்காரவைத்துப் பிணையுங்கள். உங்கள் படத்தில் ரேம் மேலே நிற்கிறது. கன்ட்ரோல் பேனலைக் கழற்றித் தனிப்பெட்டியில் வையுங்கள். கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பேனலோடு எந்த இயந்திரமும் கப்பலேறக்கூடாது.

பெட்டியின் உள் அகலம் 2.35 மீட்டர். 2.2 மீட்டர் ஸ்கிட்டை நடுவில் வைத்தால் இரு பக்கமும் 7.5 சென்டிமீட்டர் மிஞ்சும். ஸ்கிட்டின் நீளம் முழுக்க ஓடும்படி அந்த இடைவெளியில் கட்டையை இறக்கி அடையுங்கள். தரையோடு ஒட்டி இருக்கும் அடிவிளிம்புச் சட்டத்தில் அது முட்ட வேண்டும். ஓரடி மேலே, நெளிவுத் தகட்டில் முட்டினால் பயனில்லை. பக்கச் சுவர், பெட்டி ஏற்றக்கூடிய எடையில் 0.6 பங்கைத் தாங்கும் என்று சோதிக்கப்பட்டதுதான், ஆனால் சுவர் முழுக்கப் பரவலாகத் தள்ளினால். ஓரிடத்தில் குத்தினால் என்ன ஆகும் என்பதை உங்கள் படமே காட்டுகிறது.

முன்பின் திசைதான் உங்களுக்குக் கொஞ்சம் சிரமம். எடை மையம் பெட்டியின் நடுவிலிருந்து நீளத்தில் 5 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பதால் இயந்திரத்தை நடுவில்தான் வைத்தாக வேண்டும். இரு புறமும் நாலேகால் மீட்டர் வெற்றிடம் இருக்கும். அவ்வளவு நீளக் கட்டையைத் தனியாக முட்டுக் கொடுத்தால் நடுவில் வளைந்து தெறித்துவிடும். இரண்டு வரிசையாகக் கொடுத்து, இடையிடையே குறுக்குச் சட்டமும் சாய்வுச் சட்டமும் அடித்து, ஏணி வடிவில் ஒரே சட்டகமாக்குங்கள். முன்பக்கம் அது மூலைத்தூண்களுக்கு இடையே போட்ட குறுக்குக் கட்டையில் போய் முட்டட்டும். கதவுப் பக்கமும் அப்படியே. தூண்களின் உள்பள்ளத்தில் குறுக்குக் கட்டையைச் செருகி நிறுத்த வேண்டும், கதவில் எதுவும் சாயக்கூடாது. சாய்ந்தால் ஹாம்பர்க்கில் கதவைத் திறக்கிறவர் மேல்தான் விழும்.

எவ்வளவு விசைக்கு இந்தச் சட்டகம்? கடலில் கப்பல் மூக்கைத் தூக்கிக் குத்தும்போது சி பிரிவில் முன்பின்னாக 0.4 மடங்குதான். ஆனால் அந்த நொடியில் சரக்கு தரையை அழுத்தும் எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடலாம், உராய்வும் அதற்கேற்ப விழும். 4 டன் தள்ளுகிறது, உராய்வு 0.8 டன், மீதி 3.2. சாலையைப் பாருங்கள்: லாரி திடீரென்று பிரேக் போட்டால் முன்னோக்கி 0.8 மடங்கு, அதாவது 8 டன். உராய்வு 4, மீதி 4. முன்பக்க முட்டுக்குக் கடலைவிட எண்ணூர் சாலைதான் கடுமை. துறைமுக வாசலில் வரிசையில் ஊர்ந்து, விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடுகிற டிரெய்லர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பக்கத்தை 4 டன்னுக்குச் செய்யுங்கள், பின்பக்கத்தையும் அதே அளவில் செய்துவிடுவது நல்லது.

இவ்வளவும் ஆன பிறகு, தரை வளையங்களிலிருந்து இயந்திரத்தின் தோள்பட்டைக்கு குறுக்குமறுக்காக நான்கு பெல்ட் போடுங்கள். கூர்மையான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் காப்பு வையுங்கள். பெல்ட்டையும் சங்கிலியையும் ஒரே திசையில் கலந்து கட்ட வேண்டாம். பெல்ட் நீளும், சங்கிலி நீளாது, முழுச்சுமையும் சங்கிலியின் தலையில் விழும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றுமதிப் பேக்கிங்குக்கு ஐ.எஸ்.பி.எம்.-15 முத்திரை கட்டாயம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும், மரத்தின் உள்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கு அது அடையாளம். பூச்சி செத்திருக்கும், மரம் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மணலிக் கிடங்குகளில் வெளியே அடுக்கிய முத்திரைக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். அந்த ஈரம் பெட்டிக்குள் ஆவியாகி, குளிர்ந்த கூரையில் படிந்து, தீட்டித் தேய்த்த உங்கள் இயந்திரப் படுகையின் மேல் சொட்டும். காய்ந்த மரம், துருத்தடுப்பு பிளாஸ்டிக் உறை, ஈரம் உறிஞ்சும் பைகள் மூன்றும் வேண்டும். சேர்த்த மரத்தின் எடையையும் கூட்டிப் பெட்டியின் மொத்த எடையைச் சான்றளிக்க மறக்காதீர்கள். 2016 ஜூலை 1 முதல் அந்தச் சான்று இல்லாமல் பெட்டி கப்பலேறாது.

இன்சூரன்ஸ். நிறுவனம் காட்டியிருப்பது இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ் ஏ என்ற சரக்குக் காப்பீட்டு நிபந்தனைகளின் பிரிவு 4.3. பேக்கிங் போதாமையால் வந்த சேதத்துக்குப் பணம் இல்லை என்கிற பிரிவு அது. கன்டெய்னருக்குள் அடுக்குவதும் பேக்கிங்கில் சேர்த்தி. கடிதத்தை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள், பாலிசியில் இருப்பது 2009 வாசகமா என்று பாருங்கள். அந்த வாசகத்தின்படி, பேக்கிங்கை நீங்களோ உங்கள் ஊழியர்களோ செய்திருக்க வேண்டும், அல்லது காப்பீடு தொடங்குமுன் செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்போதுதான் இந்த விலக்கு பொருந்தும். ஊழியர் என்பதில் சுதந்திரமான ஒப்பந்ததாரர் சேரமாட்டார் என்றும் அதிலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் மேஸ்திரி சம்பளப் பட்டியலில் இருக்கிறாரா, பில் போட்டு வேலை செய்கிறவரா என்பது பெரிய கேள்வி. பெட்டியில் ஏற்றியது பட்டறையிலா, கன்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும் சி.எஃப்.எஸ். கிடங்கிலா என்பது அடுத்த கேள்வி. உங்கள் கடிதத்தில் இரண்டுக்கும் விடை இல்லை. ஒப்பந்ததாரரின் ஆட்கள் கிடங்கில் வைத்துக் கட்டியிருந்தால் மறுப்பை எதிர்த்து எழுத வலுவான இடம் இருக்கிறது. கடல்சார் காப்பீடு தெரிந்த வழக்கறிஞரிடம் பாலிசியையும் அந்த பில்லையும் கொண்டுபோங்கள். உங்கள் ஆளே பட்டறையில் கட்டினார் என்றால் நம்பிக்கை குறைவு.

கப்பல் நிறுவனத்தின் மேல் போகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சரக்குச் சீட்டில் ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்பியவரே என்ற வரி இருக்கிறது. மூடிய பெட்டியை வாங்கி மூடிய பெட்டியைக் கொடுத்தோம் என்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. பிதுங்கிய சுவருக்கான பழுதுச் செலவை அவர்கள்தான் உங்களிடம் கேட்டு வரக்கூடும். வந்தால் உடனே ஒப்புக்கொள்ளாமல், பெட்டியைத் திரும்பப் பெற்ற இடத்தில் எடுத்த படங்களையும் பழுது மதிப்பீட்டையும் எழுத்தில் கேளுங்கள்.